வாரத்துல மூணு நாலு ஷிப்டு தான் வேலை, வீட்டுல முகத்தை எப்படி வெச்சுக்கறதுன்னு தெரியல

கேள்வி: தேனிப்பொண்ணு
நவம்பர் 2025

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. ரெண்டு வருசமா இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இதான் மொத தடவை.

சொந்த ஊரு தேனிப் பக்கம், கல்யாணமாகி திருப்பூர் வந்து 12 வருசம் ஆச்சு. அவரு ஓவர்லாக் டைலர், நான் செக்கிங். ரெண்டு பேரும் ஒரே பனியன் கம்பெனி, முழுக்க அமெரிக்கா ஆர்டர் ஓடுற எடம். போன வருசம் இதே நேரத்துல வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்டு ஓடுச்சு, காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்கு மேல தான் வீடு, கால் வலிக்குதுன்னு பொலம்பிக்கிட்டே வருவோம் ஆனா சனிக்கிழமை கவர் கையில வந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒம்பதாயிரம் இருக்கும். ஆகஸ்ட் 27-ம் தேதி அமெரிக்காக்காரன் வரியை 50 சதவீதம் ஆக்குனான் பாருங்க, அதுக்கப்புறம் மொதல்ல ராத்திரி ஓவர்டைம் நின்னுச்சு, அப்புறம் சனிக்கிழமை லீவுன்னாங்க, தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்தா லைன்ல பாதி டேபிளு சும்மா கெடக்கு. இப்ப வாரத்துக்கு நாலு ஷிப்டு கெடைச்சா பெரிசு. ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலாயிரம் வருது. வாடகை 5500, ஏலச்சீட்டு மாசம் 2500, மகளுக்கு அடுத்த டெர்ம் பீஸ் கட்டணும், என் செயின் ரெண்டும் பேங்குல இருக்கு.

காசு எப்படி சமாளிக்கிறதுன்னு கேக்க வரல, அது எப்படியோ உருண்டு போகும். நான் கேக்க வந்தது வேற. அவரு நல்லா பேசுற மனுசன், சாப்புடும்போது அன்னைக்கு லைன்ல நடந்ததெல்லாம் சொல்லிச் சொல்லி சிரிப்பாரு, மக அவரைப் பாத்துச் சிரிச்சே ரெண்டு தோசை கூட சாப்புடும். இப்ப மூணு பேரும் தட்டைப் பாத்துக்கிட்டே சாப்புடுறோம். போன சனிக்கிழமை ராத்திரி அவரு கவரைப் பிரிச்சு கட்டில்ல நோட்டை எண்ணிக்கிட்டு இருக்காரு, மக பக்கத்துல உக்காந்து கலர் பென்சில் டப்பாவைத் திறந்து ஒவ்வொண்ணா எண்ணி வெக்கிது, அப்புறம் எங்கிட்ட வந்து காதுக்குள்ள, அம்மா எனக்கு இந்தப் பென்சிலே போதும் புதுசு வேண்டாம்னு சொல்லுது. எட்டு வயசுப் புள்ள. எனக்கு அன்னைக்கு ராத்திரி பூராத் தூக்கம் இல்ல. நாங்க ஒரு வார்த்தை கூட அது முன்னாடி பேசல, அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?

இந்த மாதிரி காலத்துல வீட்டை வீடா வெச்சுக்கிட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நல்லதையே நினைங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, அதை ஏற்கனவே நெறையப் பேரு சொல்லிட்டாங்க.

---

பதில்: நொய்யல்கரை

அம்மிணி, உங்க பதிவைப் படிச்சதும் எனக்கு 2009-ம் வருசத் தை மாசம் ஞாபகம் வந்துருச்சுங்க. எனக்கு அப்ப 12 மெசின் வெச்ச சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டு, பெரிய கம்பெனிக்குக் கூலிக்குத் தைச்சுக் குடுக்கறது, காங்கேயம் ரோட்டுப் பக்கம். 2008 செப்டம்பர்ல அமெரிக்காவுல லேமன் பேங்க் உழுந்துதுன்னு பேப்பர்ல போட்டான், அது எங்கியோ நடக்குதுன்னு இருந்தனுங்க, ரெண்டே மாசத்துல எனக்குத் தைக்கத் துணி குடுத்துட்டு இருந்த எக்ஸ்போர்ட்டர் போனை எடுக்கறதை நிறுத்திட்டாரு. அவரு நெலமையும் மோசந்தான், ரூபா ஏறிட்டே போகும்னு நம்பி பேங்குக்காரங்க சொன்ன டாலர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவங்க அப்ப ஊருல நெம்பப் பேரு, அந்த வருச ஆரம்பத்துல டாலர் 39, 40 ரூபா, வருசக் கடைசில 50-ஐத் தொட்டுருச்சு, போட்டவங்களுக்கெல்லாம் கோடிக்கணக்குல அடி. போதாததுக்கு கரண்ட் கட் வேற.

நான் என்ன பண்ணினேன்னு சொல்றனுங்க, சரியா தப்பான்னு நீங்களே பாத்துக்கங்க. வேலை இருந்தாலும் இல்லாட்டியும் காலைல எட்டரைக்கு யூனிட்டைத் தொறந்துருவேன். மெசின் மேல போட்ட துணியை எடுத்துட்டு ஒவ்வொண்ணா தொடைச்சு எண்ணெய் உட்டு, ஊசி மாத்தி, ஒரு வேஸ்ட் துணில நாலு அடி ஓட்டிப் பாத்துட்டு மறுபடி மூடி வெப்பேன். 12 மெசினுக்கும் இது முடிய பத்தரை ஆயிரும். அப்பறம் டீக்கடை. அங்க எம்மாதிரியே நாலு பேரு வருவாங்க, ஒருத்தரு நிட்டிங்கு, ஒருத்தரு காஜா பட்டன், ஒருத்தரு பிரிண்டிங்கு. மொத வாரம் பூரா உக்காந்து ஒப்பாரி தான். அப்பறம் பிரிண்டிங்கு போட்டிருந்த பெரியவரு ஒரு நாளு சொன்னாரு, டீ தீர்ற வரைக்கும் பொலம்பிக்கலாம், டம்ளரைக் கீழ வெச்சதுக்கப்பறம் ஆர்டரைப் பத்தி பேசப்படாது, வேற பேசலாம்னு. வெளையாட்டுப் பேச்சு மாதிரி தான் இருந்துச்சு, ஆனா நெசமாவே அதுக்கப்பறம் கோழி வளக்கறது, பொண்ணு பாக்கறது, மழை, அவிநாசித் தேரு, இப்படித்தான் பேச்சு போச்சு. வீட்டுக்குப் போறப்ப முகம் கொஞ்சம் எறங்காம இருந்துச்சுங்க. பொலம்பறதுக்குன்னு வெளிய ஒரு எடம் இருந்ததால அதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகல. உங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு எடம் இருக்குதான்னு பாருங்க. லைன்ல தான் அவரு பேச்சு எல்லாம் இருந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, லைன் பாதி காலி ஆனா பேச்சும் பாதி காலி தானுங்களே.

இன்னொண்ணு. இந்த ஊரு முடிஞ்சுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க தெரியுங்களா. 2011 ஜனவரில கோர்ட்டு சாயப்பட்டறை மொத்தத்தையும் மூடச் சொல்லிருச்சு, நொய்யல் ஆத்துல ஒரு சொட்டு கழிவுத் தண்ணி உடக்கூடாதுன்னு. கோர்ட்டு சொன்னது நியாயம், சாயத்தண்ணி போய்த் தேங்குன ஒரத்துப்பாளையம் டேமைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அந்த வெவசாயிங்க பட்டது கொஞ்ச நஞ்சமில்ல. ஆனா எங்களுக்கு சாயம் போடாம துணி எங்கிருந்து வரும்? லூதியானா, அகமதாபாத்துன்னு துணியை லாரில ஏத்தி சாயம் போட்டுக் கொண்டாந்தாங்க. கிட்டத்தட்ட எல்லாரும் சொன்னாங்க, பெட்டியைக் கட்டு, திருப்பூரு இனி ஆகாதுன்னு. அப்பறம் பொது சுத்திகரிப்பு நிலையத்துல தண்ணியைத் திரும்ப வடிச்சு எடுத்து அதையே மறுபடி சாயத்துக்கு ஓட்டற முறை வந்துச்சு, இன்னைக்கு ஐரோப்பாக்காரன் வந்தா மொதல்ல கேக்கறதே அந்தத் தண்ணிக் கணக்கைத் தானுங்க. ஊருக்குச் சாவுன்னு நாங்க நெனைச்சது ஊரோட பேரு ஆயிருச்சு.

ஆனா ஒண்ணு மறைக்கக் கூடாது. அந்த டீக்கடை நாலு பேர்ல ரெண்டு பேரு மீளல. காஜா பட்டன் போட்டிருந்தவரு மெசினை எடைக்குப் போடற வெலைக்குக் குடுத்துட்டு தாராபுரம் பக்கம் தென்னந்தோப்புக்குப் போயிட்டாரு. இப்பவும் போன் பேசுவாரு. ஊரு மீண்டுருச்சுன்னா அதுல இருக்கற எல்லாருமே மீண்டாங்கன்னு ஆகாதுங்க, நான் அதைச் சொல்லாம உட்டா உங்களுக்குப் பொய் சொன்ன மாதிரி.

---

பதில்: சிங்கர்டைலர்

தேனிப்பொண்ணு, நானும் டைலர் தான், 19 வருசமா. நொய்யல்கரை அண்ணன் சொன்னதெல்லாம் மதிக்கிறேன் ஆனா மொதலாளி பாக்கற மந்தமும் வாரச் சம்பளத்துக்காரி பாக்கற மந்தமும் ஒண்ணு கெடையாது அண்ணா. உங்களுக்கு மெசின் இருந்துச்சு, தொடைச்சு வெச்சீங்க. எங்களுக்கு கை மட்டும் தான். அதனால நான் வேற ஒரு எடத்துல இருந்து சொல்றேன்.

காசைப் பத்தி கேக்க வரலைன்னு எழுதியிருக்கே, ஆனா எனக்கு அங்க தான் சிக்கலே தெரியுது. எப்படியோ உருண்டு போகும்னு சொல்றே பாரு, அந்த எப்படியோங்கறது தான் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வந்து உக்காந்துக்கிட்டு இருக்கு. அவரு ஒரு கணக்கு மனசுல போடுறாரு, நீ ஒரு கணக்கு போடுறே, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிறது இல்ல. நானும் எங்க வீட்டுக்காரரும் 2020-ல இப்படித்தான் இருந்தோம். மார்ச்சுல ஊரடங்குன்னாங்க, ஒரே ரூம்பு, நாலு பேரு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்தக் கூடாதுன்னு வாயைத் தெறக்கல, வாயைத் தெறக்காததே பெரிய பயமா ஆயிருச்சு.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி பசங்க தூங்கினதும் என் பையனோட பழைய ரஃப் நோட்டுல எழுதினோம். எது தள்ளுனா வீடு போயிரும், அதாவது வாடகை, அரிசி பருப்பு, கரண்டு பில்லு. எது தள்ளுனா வட்டி ஏறும் ஆனா ஆள் வராது, அது நகைக்கடன். எதைத் தள்ளுனா மானம் மட்டும் போகும், சொந்தக்காரங்க கல்யாண மொய் மாதிரி. இந்த மூணாவது தான் எங்களை அதிகமா அரிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு எழுதினப்புறம் தான் தெரிஞ்சுது, ஆனா அது தான் இருக்கறதுலயே சின்னத் தொகை. எழுதறதுக்கு முன்னாடி என் மனசுல கடன் ரெண்டு லட்சம் மாதிரி இருந்துச்சு, கூட்டிப் பாத்தா 68 ஆயிரம். 68 ஆயிரமும் எங்களுக்குப் பெரிசு தான், ஆனா அதுக்கு ஒரு ஓரம் இருக்கு, இங்க ஆரம்பிச்சு இங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. அன்னைக்குத் தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன்.

ஏலச்சீட்டு நடத்துறவங்க கிட்ட இப்பவே போய்ப் பேசு, ரெண்டு தவணை தள்ளிப் போன பின்னாடி பேசினா வார்த்தை வேற மாதிரி வரும். ஸ்கூல்லயும் அப்படித்தான், பீஸைப் பிரிச்சுக் கட்டறேன்னு நேர்ல போய்ச் சொல்லு, தலை குனிய வேண்டியதில்ல, இந்த வருசம் உன் மாதிரி எத்தனை பேரு வருவாங்கன்னு அவங்களுக்கே தெரியும். மாசம் ஆயிரம் மகளிர் உரிமைத் தொகை வருதுன்னா அதை வீட்டுச் செலவுல கலக்காம பீஸுக்குன்னு ஒதுக்கு, டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்ல, அதையும் யோசிச்சுக்க.

சிரிப்பைப் பத்திக் கேட்டியே. எங்க லைன் வீட்டுல அப்ப ஆறு குடும்பம், ஒரே தண்ணிக் குழாய். மே மாசம் கேஸ் தீந்து போச்சு, வாங்கறதுக்கு ஆருகிட்டயும் முழுக் காசு இல்ல. ஒரிசாக்காரப் பொண்ணு ஒருத்தி இருந்தா, அவ தான் வெளிய மூணு கல்லை வெச்சு அடுப்பு மூட்டினா. ஆளாளுக்கு அவங்க அவங்க வீட்டுல சோறு மட்டும், குழம்பு மட்டும் பொதுவுல ஒரே குண்டாவுல. முருங்கைக்காய் ஒரு வீடு, பருப்பு ஒரு வீடு, புளி ஒரு வீடு. அவ ஊரு வழக்கப்படி சாம்பாருல கடுகெண்ணெய் ஊத்திட்டா ஒரு நாளு, ஆறு வீடும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு சாப்பிட்டோம், எங்க மாமியார் மட்டும் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க. அதை நெனைச்சு இப்பவும் நானும் என் மகளும் சிரிப்போம். அந்த ரெண்டு மாசம் மாதிரி பயந்த காலமும் இல்ல, அந்த மாதிரி கூடி உக்காந்து சாப்பிட்ட காலமும் இல்ல. அவ ரயில் விட்டதும் ஊருக்குப் போயிட்டா, நாங்க மாஸ்க்கும் கவச உடையும் தைக்கப் போனோம், வேலை வந்துருச்சு.

பக்கத்து வீட்டுல யாரு இருக்கா உனக்கு? அவங்களுக்கும் நாலு ஷிப்டு தானே?

---

பதில்: மெர்ச்சண்டைசர்_தம்பி

அக்கா சின்னதா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எனக்கு செப்டம்பர்ல வேலை போச்சு, மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டுல துணி வாங்குற பையர்கிட்ட ஆர்டர் பேசிப் பாத்துக்கற வேலை, கையில இருந்த மூணு ஆர்டரும் ஹோல்டு, நாலாவது ஆர்டருக்கு பையர் வரில பாதியை நீங்களே தாங்குங்கன்னு தள்ளுபடி கேட்டாங்க. அந்த மாசம் பூரா நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு தான், போனுல நியூஸ். காலைல கண்ணு முழிச்சதும் வரி எவ்வளவு, ராத்திரி படுக்கும்போது வரி எவ்வளவு. நமக்கு 50, வங்கதேசம் வியட்நாம் 20, பாகிஸ்தான் 19, இந்த நம்பரெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தை டிசம்பர் 31 வரைக்கும் எடுத்துட்டாங்க, இங்கிலாந்தோட ஒப்பந்தம் ஜூலை 24-ல கையெழுத்து ஆச்சு ஆனா இன்னும் நடைமுறைக்கு வரல, எல்லாம் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணேன்னா அம்மா சாப்பிடுடான்னு கூப்பிட்டா எரிஞ்சு விழுந்தேன்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். இந்த வரி நம்ம தையல் சரியில்லைன்னு போட்டது கெடையாது, நம்ம ரேட்டு தப்புன்னும் போட்டது கெடையாது, பாதி வரி ரஷ்யா எண்ணெய் வாங்குறோம்ங்கறதுக்காகப் போட்டது. ஒரு ஆபீஸ்ல ஒருத்தரு கையெழுத்துல ஏறுச்சு, எறங்குனாலும் அப்படித்தான் எறங்கும், நான் நாளைக்கு நாப்பது தடவை போனைப் பாக்குறதால எறங்காது. நான் தோத்துட்டேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்கா, ரெண்டு மாசம். இதுல தோக்கறதுக்கு நான் எங்க விளையாடுனேன்?

இப்ப சாயங்காலம் ஏழு மணி நியூஸ் ஒரு தடவை, அவ்வளவுதான். காலைல ஆண்டிபாளையம் குளம் வரைக்கும் நடந்துட்டு வரேன். இடையில உள்நாட்டு ஆர்டர் பண்ற கம்பெனில பாதி சம்பளத்துக்கு சேந்திருக்கேன். அண்ணன்கிட்ட சொல்லுங்க, அவரு கை நல்ல கை, வரி போட்டது அவரு கைக்கு இல்லைன்னு. இதை அவருகிட்ட யாராவது வாயால சொல்லணும்.

அப்புறம் முழுசா வேலையை விட்டு நிறுத்தினவங்க யாராவது வீட்டுல இருந்தா, இஎஸ்ஐ பிடிச்சிருந்தாங்கன்னா வேலையில்லாக் காலத்துக்கு ஒரு உதவித்தொகை இருக்கு, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு பேரு. சராசரி தினக்கூலில பாதி, அதிகபட்சம் 90 நாளைக்கு. நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

---

பதில்: யாழ்_வாசகி

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். உங்கட ஊர் நெருக்கடியைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா உங்கட மகள் பென்சில் எண்ணினதை வாசிச்சிட்டு எழுதாமல் போக மனம் வரேல்ல.

எங்களுக்கு 2022. ஏப்ரல் 12-ம் திகதி நாடு வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது எண்டு அறிவிச்சுது. மார்ச்சில 200 ரூபா மட்டில இருந்த டொலர் மே மாசம் 360. கரண்ட் ஒரு நாளில 13 மணித்தியாலம் இல்லை, பெற்றோலுக்கு ரெண்டு நாள் கியூ, காஸ் சிலிண்டர் கண்ணில தெரியாது, பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடமே பூட்டினது. செப்டெம்பரில விலைவாசி முந்தின வருசத்தை விட கிட்டத்தட்ட 70 வீதம் கூடிப்போச்சு. நான் ஒரு அலுவலகத்தில வேலை, சம்பளம் அதே சம்பளம், வாங்கிற சாமான் அரைவாசி.

எங்கட வீட்டில அம்மம்மா இருந்தவ, 84 வயசு. நாங்கள் எல்லாரும் இருட்டில இருந்து புறுபுறுத்துக்கொண்டிருக்க அவ எழும்பிப் போய் ஒரு ஜாம் போத்தலைக் கழுவிக்கொண்டு வந்தா. அடியில கொஞ்சப் பஞ்சு, அதில மண்ணெண்ணெய் கொஞ்சமா ஊத்தி, சைக்கிள் வால்வுக்குள்ளால நூலை இழுத்துத் திரி போட்டு, கொளுத்திக் காட்டினா. 90-களில பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணம் முழுக்க அந்த விளக்கு தான், சாதாரண லாம்பை விட எண்ணெய் எவ்வளவோ மிச்சம். அப்ப ரேடியோ கேக்கிறதுக்கு சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தினதாம், ஒராள் பெடலைச் சுத்த மற்றவை செய்தி கேக்கிறது, சுத்திற ஆள் களைச்சால் செய்தியும் நிண்டிடும். அம்மம்மா அதைச் சொல்லேக்க என்ர மகன், பத்து வயசு, சிரிச்சுச் சிரிச்சு விழுந்தான். அண்டைக்குப் பிறகு கரண்ட் போனால் அவன் அழுறதில்லை, அம்மம்மா கதை சொல்லுங்கோ எண்டு போய் இருந்திடுவான்.

பிள்ளையளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் எண்டு நாங்கள் நினைக்கிறம், அதுகள் எங்கட முகத்தை வாசிக்குதுகள். தெரியாத விசயத்தைப் பாதி வாசிச்சால் பெரிய பயம் வரும். நான் மகனிட்ட வெளிப்படையாச் சொன்னனான்: இப்ப காசு குறைவு, சோறு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, இறைச்சி மாசத்துக்கு ஒருக்கா. அவன் கேட்டது ஒரே கேள்வி, நாய்க்குட்டியை வைச்சிருக்கலாமா எண்டு. வைச்சிருக்கலாம் எண்டன். அவ்வளவு தான் அவன்ர பயம் முழுக்க. உங்கட மகளுக்கும் உள்ளுக்க ஒரு கேள்வி இருக்கும் தங்கச்சி, பென்சில் அது இல்லை. கேட்டுப் பாருங்கோ.

---

பதில்: தேனிப்பொண்ணு
(மூணு நாள் கழிச்சு)

எல்லாருக்கும் பதில் எழுதணும்னு தான் இருந்தேன், இந்த வாரம் திடீர்னு செவ்வாக்கெழமை கூப்புட்டுட்டாங்க, ரீ-செக்கிங் வேலை, அதான் லேட்டு.

யாழ்ப்பாணத்து அக்கா, நீங்க சொன்னது நெசம். ஞாயித்துக்கெழமை மத்தியானம் மகளை மடியில வெச்சுக்கிட்டு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இப்ப வேலை கொஞ்சம் கம்மி, அமெரிக்காவுக்குத் துணி போறது கொறைஞ்சு போச்சு, ஆனா சாப்பாடு இருக்கு ஸ்கூலு இருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டுச்சு, அப்ப நம்ம தேனிக்கே போயிருவோமா, என் கிளாஸ் தர்ஷினியைப் பாக்க முடியாதான்னு. அதைத்தான் இத்தனை நாளா உள்ள வெச்சுக்கிட்டு இருந்துருக்கு. நாங்க ஊருக்குப் போயிரலாமான்னு ஒரு ராத்திரி ரெண்டே ரெண்டு வார்த்தை பேசுனோம், அது தூங்குதுன்னு நெனைச்சு. இந்தப் படிப்பு வருசம் முடியுற வரைக்கும் எங்கயும் போகலடான்னு சொன்னேன். அவரும் வந்து ஆமான்னாரு. எந்திரிச்சு ஓடிருச்சு வெளையாட.

சிங்கர்டைலர் அக்கா, நோட்டு போட்டோம். அவரு மொதல்ல ஒத்துக்கல, எல்லாம் எனக்குத் தெரியும்னாரு. எழுத ஆரம்பிச்சப்புறம் அவரு பக்கத்துல இருந்து எனக்குத் தெரியாத கைமாத்து 12 ஆயிரம் வந்துச்சு, என் பக்கத்துல இருந்து அவருக்குத் தெரியாத தீபாவளி சீட்டுக் காசு 4,000 வந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். சண்டை வரும்னு நெனைச்சேன், வரல. மொத்தம் 91 ஆயிரம் நிக்குது, நகைக்கடனும் சேர்த்து. சீட்டுக்காரம்மா கிட்ட நாளைக்குப் போறோம்.

நொய்யல்கரை அண்ணே, நீங்க சொன்னதை அவருகிட்டயே போனைக் குடுத்து படிக்கச் சொன்னேன். அந்தத் தென்னந்தோப்புக்குப் போனவரைப் பத்தி எழுதியிருந்தீங்கள்ல, அதைத்தான் ரெண்டு தடவை படிச்சாரு. அது வரைக்கும் அறிவுரை சொல்றாங்கன்னு மூஞ்சியைச் சுழிச்சுக்கிட்டு இருந்தவரு, அதைப் படிச்சப்புறம் தான் இந்தாளு உண்மையைச் சொல்றாருன்னாரு. தம்பி எழுதுனதைப் படிக்கும்போது ஒண்ணும் சொல்லல, ஆனா ராத்திரி படுத்துக்கிட்டே, வரி போட்டது கைக்கு இல்லன்னு தனக்குத்தானே சொல்றது கேட்டுச்சு. பழைய மாதிரி சிரிச்சுப் பேசுறாருன்னு சொல்ல மாட்டேன். நேத்து சாப்புடும்போது லைன்ல ஒரு பையன் பேபி பனியனுக்கு ரெண்டு பக்கமும் எடது கையே வெச்சுத் தச்சுட்டான்னு சொன்னாரு, மக அதை எப்படிப் போடுறதுன்னு கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுச்சு. மூணாவது தோசை கேட்டுச்சு.

தம்பி, ஒரு சந்தேகம். எங்களுக்கு வேலை நாள் தான் கொறைஞ்சிருக்கு, முழுசா நிக்கல. ஆனா அவரு தம்பியை தீபாவளிக்கு முன்னாடியே வேண்டாம்னு சொல்லிட்டாங்க, மூணு வருசம் இஎஸ்ஐ புடிச்சிருக்காங்க. அவனுக்கு அந்தப் பணம் கெடைக்குமா?

---

பதில்: மெர்ச்சண்டைசர்_தம்பி

அக்கா உங்க ரெண்டு பேருக்கும் கிடைக்காது, ஷிப்டு குறைஞ்சதுக்கெல்லாம் அதுல வழி இல்ல. அவரு தம்பிக்கு வாய்ப்பு இருக்கு. வேலை போய் 30 நாள் தாண்டி இருக்கணும், அது தாண்டிருச்சுன்னு நெனைக்கிறேன், அப்புறம் 78 நாள் பங்களிப்பு கணக்கு ஒண்ணு பாப்பாங்க, மூணு வருசம் ஒழுங்கா கட்டியிருந்தா பிரச்சனை இருக்காது. வாழ்நாள்ல ஒரு தடவை தான் வாங்க முடியும், அதனால வேற வேலை ரெண்டு வாரத்துல கிடைக்கிற மாதிரி இருந்தா இப்ப வாங்கணுமான்னு யோசிச்சுக்கச் சொல்லுங்க. இஎஸ்ஐ நம்பர், ஆதார், பேங்க் பாஸ்புக் மூணையும் எடுத்துட்டு கிளை ஆபீஸுக்கு நேர்லயே போகச் சொல்லுங்க, காலைல சீக்கிரம் போனா நல்லது. பாஸ்புக்ல இருக்கற பேரும் ஆதார்ல இருக்கற பேரும் ஒரே மாதிரி இருக்கான்னு வீட்டுலயே ஒரு தடவை பாத்துக்கச் சொல்லுங்க, எங்க மாமாவுக்கு அதுல தான் ஒரு மாசம் இழுத்துச்சு.